முதல் பேஸுக்கு எறிந்த பந்து

டெர்மட் ஹாலரனின் வலது கை நடுவிரல் முறிந்தது சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம், வெறும் பயிற்சியின்போது. யாரோ அலட்சியமாக அடித்த பந்து ஒரு கூழாங்கல்லில் பட்டு எகிறி, விரல் நுனியில் நேராக வந்து குத்தியது. பேஸ்பாலை வெறுங்கையால் பிடித்த காலம் அது. கையுறை மாட்டியவனைப் பார்த்துப் பெண்கள்கூடச் சிரிப்பார்கள். டெர்மட் சத்தம் போடவில்லை. கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மைதானத்தைவிட்டு நடந்தான்.

கெல்சி மில்ஸ் ஒரு பஞ்சாலை ஊர். சாம்பியன் கொடி அந்த ஆண்டுதான் முதன்முதலாக அதற்கு எட்டும் தூரத்துக்கு வந்திருந்தது. வசந்தத்தில் தொடங்கி அக்டோபர்வரை ஆடியும், கெல்சி மில்ஸும் கடலோரத்துப் போர்ட் அடேரும் வெற்றிக் கணக்கில் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நின்றன. மிச்சமிருந்தது ஒரே ஆட்டம். அதில் ஜெயிக்கும் அணிக்குக் கொடி.

டெர்மட் பால்பல் விழுந்து முளைத்த கையோடு ஆலைக்குள் போனவன். நூற்கும் யந்திரங்களுக்கு அடியில் ஊர்ந்து பஞ்சு பொறுக்கியவன். பந்தாட்டம்தான் அவனை வெயிலுக்குக் கொண்டுவந்தது, சம்பளமும் கொடுத்தது. விரல் முறிந்தது வெளியே தெரிந்தால் அவன் இடமான மூன்றாம் பேஸில் மாற்று ஆள் நிற்பான். அவன் நன்றாக ஆடிவிட்டால் அடுத்த வருஷமும் அவனே நிற்பான். டெர்மட் மறுபடியும் பஞ்சுத் தூசிக்குள் போக வேண்டியதுதான்.

ஊர் டாக்டர், கிளப் தலைவருக்கு மைத்துனர். அதனால் அவன் வாடகைக் குதிரைக் கொட்டிலுக்குப் போய், குதிரை வைத்தியன் டில்லியிடம் கையை நீட்டினான்.

"இது குதிரைக் காலா இருந்தா இந்நேரம் சுட்டுப் போட்டிருப்பேன்" என்றான் டில்லி, விரலை இழுத்து நேராக்கியபடியே. டெர்மட்டுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. "எலும்பு ரெண்டா போச்சு தம்பி. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஸ்பூனைத் தவிர எதையும் தூக்காத."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? பேசறதெல்லாம் குதிரைங்ககிட்டதான்."

வீட்டில் மனைவி ஹனோராவிடம் மறைக்க முடியவில்லை. டில்லி போட்ட துணிக்கட்டை அவள் அவிழ்த்துப் பார்த்தாள். விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது.

"இத வச்சுக்கிட்டு எப்படி எறிவே?"

"மிச்ச விரல்ல எறிவேன்."

"ஆகஸ்டுகிட்டயாவது சொல்லு மனுஷா. நீ எறியறது அவன்கிட்டதான போவுது?"

"சொல்றேன்" என்றான். சொல்லவில்லை.

ஆகஸ்ட் ப்ரூனர் முதல் பேஸ்காரன். ஜெர்மன்காரன், ரொட்டிக் கடைக்காரர் மகன், ஆறடிக்கும் மேல் உயரம். டெர்மட் மூன்றாம் பேஸில் பந்தை அள்ளி மைதானத்தின் குறுக்கே எறிவதும், எதிராளி ஓடி வந்து சேருவதற்குள் ஆகஸ்ட் ஒரு காலைப் பேஸில் ஊன்றியபடி மறுகோடியில் அதைப் பிடிப்பதும்தான் அந்த அணியின் உயிர்நாடி. "நீ கண்ண மூடிக்கிட்டு எறிடா, நான் பாத்துக்கறேன்" என்பான் ஆகஸ்ட். பல ஆண்டுகளாக அப்படித்தான் நடந்து வந்தது. அவனிடம் சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும் என்று டெர்மட் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆகஸ்டுக்கு மறைக்கத் தெரியாது. அது உண்மையும்கூட.

ஆட்டத்தன்று காலையில் கேப்டன் வுட்ரஃப் முகம் இறுகி வந்தார். "நேத்து வரைக்கும் பந்தயப் பணமெல்லாம் நம்ம பக்கம் இருந்துச்சு. இன்னைக்கு விடிஞ்சதிலேருந்து எல்லாம் போர்ட் அடேர் பக்கம் சாயுது. நம்ம ஊர்க்காரனுங்களே அந்தப் பக்கம் கட்டறானுங்க." ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "யாராவது காசுக்கு ஆட்டத்த வித்திருந்தீங்கன்னா, இப்பவே சட்டையைக் கழட்டி வச்சுட்டுப் போயிடுங்க."

யாரும் அசையவில்லை. ஆகஸ்ட் மட்டும், "எங்க அப்பா ரொட்டி விப்பாரு. வேற எதுவும் வித்துப் பழக்கமில்ல கேப்டன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டெர்மட்டும் சிரித்தான். கட்டை அவிழ்த்தெறிந்த விரல் சட்டைப் பைக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

அதிர்ஷ்டம் என்று சொல்வதா என்னவோ, எட்டு இன்னிங்ஸ் வரைக்கும் அவனிடம் பந்து அதிகமாக வரவில்லை. வந்த ஓரிரண்டையும் அருகிலிருந்தவனிடம் தட்டிவிட்டுச் சமாளித்தான். பேட் பிடிக்கும்போது உயிர் போனது. ஆனாலும் ஒரு தடவை அடித்து ஓடினான். கடைசி இன்னிங்ஸில் கெல்சி மில்ஸ் ஒரு ரன் முன்னால் இருந்தது. பேட் செய்தது போர்ட் அடேர். இரண்டு பேர் அவுட். இரண்டாம் பேஸில் ஒருவன், மூன்றாம் பேஸில் ஒருவன். இன்னும் ஒரே அவுட் ஆனால் கொடி கெல்சி மில்ஸுக்கு. கயிற்றுக்கு வெளியே நின்ற கூட்டம் கயிற்றையே முன்னால் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் வந்திருந்தது.

பந்து டெர்மட்டை நோக்கித் தரையோடு உருண்டு வந்தது. சுலபமான பந்து. அள்ளினான். ஆகஸ்ட் மறுகோடியில் காலை ஊன்றி, இரண்டு கைகளையும் விரித்து நின்றான். டெர்மட் எறிந்தான். நடுவிரல் பந்தின் மேல் நிற்கவில்லை. கையைவிட்டுப் போகும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பார்ப்பவர் கண்ணுக்கு அது நேராகப் போன பந்து. ஆகஸ்டுக்குப் பக்கத்தில் போன பிறகுதான் திடீரென்று கீழே சரிந்து வெளிப்பக்கம் வளைந்தது. ஆகஸ்ட் விழுந்து பாய்ந்தான். பந்து அவன் விரல் நுனிகளை உரசிக்கொண்டு கூட்டத்தின் கால்களுக்கிடையில் ஓடி மறைந்தது. அதைத் தேடி எடுப்பதற்குள் பேஸில் நின்ற இருவரும் ஓடி முடித்து இரண்டு ரன் சேர்த்துவிட்டார்கள்.

கொடி போர்ட் அடேருக்குப் போனது.

ஆகஸ்ட் மண்ணிலிருந்து எழுந்து நேராக டெர்மட்டிடம்தான் வந்தான். முழங்கையில் ரத்தம். கண் கலங்கியிருந்தது.

"என்ன மன்னிச்சுடுடா. நீ நல்லாத்தான் எறிஞ்சே. கையில பட்டுச்சு, பட்டுச்சுடா! எப்படி விட்டேன்னே தெரியல."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. டெர்மட் அவன் தோளைத் தட்டி, "விடு, விடு. ஆட்டம்னா அப்படித்தான்" என்றான். மன்னிக்கிற குரலில் சொன்னான். பிற்பாடு அந்தக் குரலை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசியது.

இரண்டு நாளில் ஊர் முழுவதும் ஒரே பேச்சாயிற்று. ஆட்டம் விற்கப்பட்டது. இல்லையென்றால் பந்தயப் பணம் ஏன் காலையிலேயே அந்தப் பக்கம் சாய்ந்தது? அவ்வளவு நேரான பந்தை ஆகஸ்ட் ப்ரூனர் போன்றவன் எப்படி விடுவான்? ஆட்டத்துக்கு முன்தினம் பந்தயம் நடக்கிற மதுக்கடையின் பின்வாசலில் அவனைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். பந்தயத் தரகன் ஸ்லோக்கமோடு சிரித்துப் பேசியதாக இன்னொருவன் சொன்னான். அந்தக் கடைக்கு ப்ரூனர் வீட்டு ரொட்டிதான் தினமும் போகிறது என்பதும், கூடையோடு போகிறவன் பின்வாசல் வழியாகத்தான் போவான் என்பதும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகை பேரைச் சொல்லாமல், "முதல் பேஸில் நிற்பவரின் கைகளில் அன்று என்ன கனம்?" என்று கேட்டு எழுதியது. ரொட்டிக் கடைக் கதவில் யாரோ தாரை ஊற்றிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே டெர்மட் கடைத்தெருவில் டில்லியைப் பார்த்தான். குதிரை வைத்தியன் ஆட்டுரோமக் காலர் வைத்த புதுக் கோட்டு போட்டிருந்தான். டெர்மட்டைக் கண்டதும் தொப்பியைத் தூக்கினான்.

"விரல் எப்படி இருக்கு தம்பி? நல்லா பாத்துக்க. எனக்கு இந்தக் குளிரு தெரியாம பண்ணின விரல் அது."

டெர்மட்டுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. "சொல்லிட்டீங்களா?"

"ரெண்டு மூணு பேருகிட்ட. நல்ல மனுஷங்க. அவங்க அவங்களுக்கு வேண்டியவங்ககிட்ட சொல்லியிருப்பாங்க." டில்லி கோட்டைத் தடவிக்கொண்டான். "நீ இத மனசுல வச்சுக்காத. நீ என்ன, வேணும்னா விரல முறிச்சுக்கிட்டே?"

டெர்மட் நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அப்படியானால் ஆட்டத்தை யாருமே விற்கவில்லை. பணம் சாய்ந்தது அவன் விரலைப் பார்த்து. பந்து போனதும் அவன் விரலால். ஆகஸ்ட் மேல் ஊர் கட்டி வைத்திருந்த வழக்கு முழுவதும் அவன் சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த அந்த ஒரு விரலின் மேல் நின்றது. வெளியே எடுத்துக் காட்டினால் அத்தனையும் சரிந்துவிடும்.

மறுநாள் கிளப் விசாரணை. ஆலை அலுவலகத்தின் மாடியறையில் முதலாளி லாத்ராப், அவர்தான் கிளப் தலைவர், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு இயக்குநர்களும் கேப்டனும். ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில், நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தான்.

"நான் பணம் வாங்கல. பந்தை விட்டேன், அது நெசம். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. வாங்கினேன்னு மட்டும் சொல்லாதீங்க ஐயா" என்றான். பிறகு கதவருகே நின்ற டெர்மட்டைப் பார்த்தான். "டெர்மட்ட கேளுங்க. அவன் பொய் சொல்ல மாட்டான்."

லாத்ராப் கண்ணாடியைக் கழற்றினார். "ஹாலரன், நீ எறிஞ்சது எப்படி இருந்துச்சு?"

டெர்மட் தொப்பியை முன்னால் பிடித்திருந்தான். வலது கை தொப்பிக்குள் இருந்தது. மாடியறைத் தரை மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. கீழே யந்திரங்கள் ஓடுகின்றன. அந்த அதிர்வை அவன் உள்ளங்கால் நன்றாக அறியும்.

"நேரா எறிஞ்சேன் ஐயா" என்றான்.

"வழக்கமா அந்த மாதிரி பந்தை ப்ரூனர் பிடிப்பானா?"

"பிடிப்பான்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

ஆகஸ்ட் தலையாட்டினான். நண்பன் உள்ளதைச் சொல்கிறான் என்கிற மாதிரி, கொஞ்சம் பெருமையாகக்கூட. அந்தத் தலையாட்டலைத்தான் டெர்மட்டால் தாங்க முடியவில்லை. ஆனால் தாங்கினான். படியிறங்கி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் ப்ரூனர் நேர்மையற்ற ஆட்டத்துக்காக ஆயுள் முழுவதும் விலக்கப்பட்டதாக அறிவித்தார்கள். பந்தாட்டச் சங்கத்தில் சேர்ந்த எந்த ஊர் அணியும் அவனை இனிச் சேர்க்கக்கூடாது. ரொட்டிக் கடைக்கு ஆள் வருவது நின்றது. தெருவில் போனால், "எவ்வளவுக்குப்பா வித்தே?" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும். பனி விழுவதற்கு முன்பே ஆகஸ்டும் அவன் மனைவி லேனாவும் ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்த ஒரு செங்கல் சூளை ஊருக்குப் போய்விட்டார்கள். போகிற அன்று ஆகஸ்ட் டெர்மட் வீட்டுக்கு வந்து ஒரு பெரிய கறுப்பு ரொட்டியை ஹனோரா கையில் கொடுத்தான்.

அவன் போனதும் ஹனோரா ரொட்டியை மேஜைமேல் வைத்தாள். "நீதான் அறு" என்றாள் டெர்மட்டிடம். "என்னால அதத் தொட முடியாது."

"நான் என்ன பண்ணட்டும்? ஆலைக்குப் போகட்டுமா?"

"நான் ஆலைக்குத்தான் போறேன். எனக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் அவள். அதன் பிறகு அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவன் எடுத்தபோதும் எழுந்து போய்விட்டாள்.

விரல் கோணலாகச் சேர்ந்தது. வசந்தத்தில் டெர்மட் எறிந்த பந்துகள் நேராகப் போகவே இல்லை. புதிதாக வந்த முதல் பேஸ்காரன், "ஏம்பா, நான் இங்க நிக்கறேன், தேவாலயத்துக்கு எறியறியே!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. ஜூன் மாதத்தில் வுட்ரஃப் அவனைத் தனியே கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்றார். எதைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடினானோ அதுவும் போயிற்று. ஆச்சரியம், அவனுக்குக் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. அங்கேயே கேப்டனிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

வுட்ரஃப் அவன் விரலைப் பார்த்தார். "அன்னைக்கே கேட்டேனேப்பா, எல்லாரையும் நிக்க வச்சுக் கேட்டேனே."

"வித்தவன் யாருன்னு கேட்டீங்க. நான் விக்கல."

"ஆமா, நீ விக்கல." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இப்ப இதக் கிளப்பினா கிளப்பே நாறிப்போகும். வீட்டுக்குப் போ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெர்மட் படகேறி ஆற்றின் கீழ்ப்பக்கம் போனான்.

சூளைக் குடியிருப்பின் பின்புறத்தில் ஆகஸ்ட் விறகு பிளந்துகொண்டிருந்தான். இளைத்திருந்தான். டெர்மட்டைக் கண்டதும் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, "டேய்!" என்று இரண்டு கைகளையும் விரித்தான். டெர்மட் கிட்டே போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னான். விரல், டில்லி, பணம் சாய்ந்தது, மாடியறை. வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் அந்த வரிசையில் வரவில்லை, தாறுமாறாகத்தான் வந்தன.

ஆகஸ்ட் விரித்த கைகளை மெல்லத் தொங்கவிட்டான். பிறகு வந்து டெர்மட்டின் வலது கையைத் தூக்கி, கோணல் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப அந்தப் பந்து... என்னால பிடிச்சிருக்க முடியாதா?"

"யாராலயும் முடியாது."

"கடைசியில வளைஞ்சுது. வளைஞ்சுதுன்னு எனக்குத் தோணுச்சு. ஆனா நீ நேரா எறிஞ்சேன்னு சொன்னியேன்னு..." ஆகஸ்ட் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்தான். "ராத்திரி படுத்தா அதத்தான்டா பிடிச்சுக்கிட்டிருக்கேன். கைய இப்படி வச்சிருந்தா பிடிச்சிருப்பேன், கால அப்படி வச்சிருந்தா பிடிச்சிருப்பேன்னு. இந்தக் குளிர்காலம் பூரா." சிரிப்பு மாதிரி ஏதோ அவன் தொண்டையிலிருந்து வந்தது. கொஞ்சம் பொறுத்து நிமிர்ந்து பார்த்தபோது அவன் முகம் மாறியிருந்தது. "உள்ள போ. லேனா இருக்கா. எங்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லு."

லேனா உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவே இல்லை. அவன் சொல்லி முடித்த பிறகு, "நான் இவரோட கோட்டுத் தையலையெல்லாம் பிரிச்சுப் பாத்தேன், தெரியுமா?" என்றாள். "பணம் எங்க ஒளிச்சு வச்சிருக்காருன்னு. படுக்கைய அறுத்துப் பாத்தேன். இவரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒரு வார்த்தை பேசல. அன்னைக்குலேருந்து இந்த வீட்டுல ரெண்டு பேரும் எப்படி இருக்கோம்னு உங்களுக்குத் தெரியாது." சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "இங்க வந்து ஏன் சொல்றீங்க? எங்க பொய் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னான். பத்திரிகை அலுவலகத்தில் ஆசிரியரின் மேஜைமேல் கையை வைத்துச் சொன்னான். முடிதிருத்தும் கடையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னான். பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில், மாட்டுச் சந்தை விலைகளுக்குக் கீழே, சில வரிகள் வந்தன. ஊரில் பாதிப் பேர் நம்பவில்லை; அணியிலிருந்து துரத்திய கோபத்தில் உளறுகிறான் என்றார்கள். நம்பிய பாதிப் பேர் அவன் வரும் பக்கம் பார்க்காமல் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். டில்லியோ, தன் வாழ்நாளில் மனிதக் கையைத் தொட்டதே இல்லையென்று பைபிள்மேல் சத்தியம் செய்தான்.

லாத்ராப் அவனை மாடியறைக்குக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

"முடிஞ்ச விஷயம் முடிஞ்சதுதான். பந்தயக்காரன் கடையில அவன் நின்னதுக்குச் சாட்சி இருக்கு. சங்கம் தீர்ப்பை மாத்தாது."

"நான் பொய் சொன்னேன் ஐயா. இதே இடத்துல நின்னு."

"அப்ப சொன்னது பொய்னா, இப்ப சொல்றத மட்டும் நான் ஏன் நம்பணும்?" என்றார் அவர். டெர்மட் கீழே இறங்கி வந்து, அங்கேயே மேஸ்திரியிடம் வேலை கேட்டான். கிடைத்தது. ஹனோரா இருந்த அதே யந்திர வரிசையில்.

ஆகஸ்ட் மாதத்தில், ஆலைக்கு விடுமுறை விட்ட ஒரு நாள், அவன் மறுபடியும் படகேறினான். தடை நீங்கவில்லை என்பதை நேரில் சொல்ல வேண்டும் என்று நினைத்தான். சூளைக்காரர்கள் தரிசு நிலத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கயிறுமில்லை, கூட்டமுமில்லை. சாக்குப்பைகள்தான் பேஸ்கள். முதல் சாக்கில் ஆகஸ்ட் காலை ஊன்றி நின்றிருந்தான். மர நிழலில் லேனா பின்னலை மடியில் வைத்தபடி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவன் தாறுமாறாக எறிந்த பந்தை ஆகஸ்ட் ஒற்றைக் கையால் எட்டிப் பிடித்தபோது அவள் சின்னப் பெண் மாதிரி கை தட்டினாள்.

இன்னிங்ஸ் முடிந்ததும் டெர்மட் கிட்டே போய்ச் சொன்னான். "எல்லா இடத்துலயும் சொல்லிட்டேன். மாத்த மாட்டேங்கறாங்க."

"பத்திரிகை வந்துச்சு. லேனா படிச்சா" என்றான் ஆகஸ்ட். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். முகத்தில் கோபம் தெரியவில்லை.

சூளைக்காரர்களில் வயதான ஒருவர் டெர்மட்டை மேலும் கீழும் பார்த்தார். "ஆட்டம் தெரிஞ்சவரா இருக்கீங்களே. எங்களுக்கு அம்பயர் இல்ல. ஆளாளுக்குக் கத்திக்கிட்டுக் கெடக்கறோம். கொஞ்ச நேரம் நிக்கறீங்களா?"

டெர்மட் வாயைத் திறந்தான். அதற்குள் ஆகஸ்ட் சாக்கை நோக்கித் திரும்பி நடந்துகொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னான்:

"அவர விடுங்க. அவரு படகுக்குப் போகணும்."

டெர்மட் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்கு இறங்கினான். படகு வர நேரமிருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் கத்துவதும் சிரிப்பதும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ அவுட் என்றார்கள், யாரோ இல்லை என்றார்கள்.